நான் துடைக்கச் சொன்ன கோடு

சக்கரம் தட்டும் சுத்தியலை இந்த ஆண்டுதான் கையில் வாங்கியிருக்கிறீர்கள். நல்ல சக்கரம் எப்படி ஒலிக்கும், கெட்டது எப்படி ஒலிக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. யார்டில் ஆறு மாதம் நின்றால் அதை உங்கள் காதே கற்றுக்கொள்ளும். காது கற்றுக்கொண்ட பிறகு ஒருவன் செய்யக்கூடிய தவறு ஒன்றை மட்டும் எழுதுகிறேன். செய்தவன் நான். அப்போது எனக்குப் பதினோரு ஆண்டு அனுபவம்.

செங்கோட்டைப் பாதை மலையைக் குடைந்து கொல்லம் வரை போகத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. திருநெல்வேலி யார்டில் நான் பெட்டிப் பரிசோதகர். காலை வண்டி சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டை போய், அங்கிருந்து மலை ஏறும். அது புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் குனிந்து பார்த்து, சக்கரங்களைத் தட்டிக் கேட்டு, பதிவேட்டில் ‘தகுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் கார்டு கொடி காட்ட மாட்டார்.

இரண்டு சக்கரங்களை இணைக்கும் அச்சு, பெட்டியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி வளைந்து நிமிரும் இரும்பு களைத்துப்போகும். சக்கரத்தின் நடுக்குடத்தை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசல் பிறக்கும். அது வெளியிலிருந்து உள்ளே மெதுவாக இறங்கும். மிச்சமிருக்கும் இரும்பு பாரம் தாங்காத நாளில் அச்சு முறியும். அதற்கு முந்தைய நிமிடம் வரை வண்டி ஒழுங்காகவே ஓடும். சக்கரத்தில் உள்ள விரிசலைச் சுத்தியல் சொல்லிவிடும். அச்சில் உள்ளதைப் பெரும்பாலும் சொல்லாது.

பட்டறையில் இதற்கு ஒரு வழி உண்டு. அச்சை மண்ணெண்ணெயால் கழுவி, உலரத் துடைத்து, மேலே சுண்ணாம்பு பூசி வைப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் சற்று நேரத்தில் வெளியே கசிந்து, வெள்ளையின் மேல் கறுப்பாக ஒரு கோடு போடும். பயிற்சிக் காலத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

ஆயுத பூசை அன்று மதியத்துக்கு மேல் எங்கள் யார்டில் வேலை இருக்காது. பெட்டிகளைக் கழுவி எண்ணெயிடும் கலாசிகள் தங்கள் சாமான்களைத் துலக்கி வைப்பார்கள். பிறகு நிற்கும் பெட்டிகளின் சக்கரங்களுக்கும் பூசை நடக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த கழிவுப் பஞ்சால் கரியை எடுத்து, உலரத் துடைத்து, தண்ணீரில் குழைத்த விபூதியை மூன்று விரலால் பட்டையாக இழுப்பார்கள். மேலே சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மற்றவர்கள் வெளியே தெரியும் சக்கரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். சுடலைமுத்து என்ற கலாசி மட்டும் பெட்டிக்கு அடியில் தவழ்ந்து போய் அச்சுகளுக்கும் பூசுவார். பாரம் தாங்குவது அச்சுதானே, அதை விட்டுவிட்டுச் சக்கரத்துக்கு மட்டும் பூசினால் எப்படி என்பது அவர் கட்சி.

நான் பாளையங்கோட்டை மிஷன் வளவில் கிறிஸ்தவனாகப் பிறந்து வளர்ந்தவன். பூசை தொடங்கும் நேரத்துக்குத் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். அவர்களும் கூப்பிட மாட்டார்கள். மறுநாள் காலை, பரிசோதனைக்கு முன் எல்லாப் பூச்சையும் துடைத்து எடுக்கச் சொல்வேன். இரும்பை மறைக்கும் எதுவும் அதன் மேல் இருக்கக் கூடாது என்பது விதி. விதிக்காகத்தான் சொல்கிறேன் என்று நானும் நம்பியிருந்தேன்.

அந்த ஆண்டு பூசைக்கு மறுநாள் காலை, ஐந்தாம் பெட்டியின் அடியிலிருந்து சுடலைமுத்து கூப்பிட்டார்.

“அய்யா, இந்த அச்சுல ஒரு எடம் கறுக்குது.”

குனிந்து பார்த்தேன். அச்சின் நீளத்துக்கு மூன்று விபூதிப் பட்டைகள் இழுத்திருந்தன. சக்கரக் குடத்திலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி, மூன்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு நூல் கனத்தில் ஒரு கறுப்புக் கோடு போயிருந்தது.

“குடத்துல இருந்து எண்ணெ கசிஞ்சிருக்கும் வே.”

“நேத்து பூசுன கொஞ்ச நேரத்துலயே கறுத்துது. அழிச்சிட்டுத் திரும்பப் பூசுனேன். இப்ப பாத்தா அதே எடத்துல நிக்கி.”

“பூசத் தெரியாமப் பூசிட்டு இரும்பு மேல குத்தம் சொல்லுதீரா? எல்லாத்தையும் தொடைச்சு எடும். வண்டிக்கு நேரமாச்சு.”

அடுத்த பெட்டியில் நின்ற கலாசிகள் சிரித்தார்கள். “வேதக்காரர்ட்டப் போயி விபூதியக் காட்டுதான் பாரு, கோட்டிக்காரன்,” என்று ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. சிரிக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

சுடலைமுத்து துடைத்தார். நான் இரண்டு சக்கரங்களையும் தட்டினேன். மணி போல ஒலித்தன. துடைத்த அச்சில் கறுப்பு இரும்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ‘தகுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாம் பெட்டி மூன்றாம் வகுப்பு. ஆரியங்காவுக்கு அப்பால் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்கள் பண்டிகைக்கு ஊர் வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. மூட்டை, கோழிக்கூடை, பிள்ளைகள் என்று கால் வைக்க இடமில்லை. வண்டி புறப்பட்டது.

அரை மணி நேரம் கழிந்திருக்கும். அறையில் பதிவேட்டை முடித்துக்கொண்டிருந்தேன். சுடலைமுத்து வாசலில் வந்து நின்றார். கையில் வெள்ளை படிந்த கழிவுப் பஞ்சு இருந்தது.

“அய்யா, கோவிக்கக் கூடாது. ஒரு சந்தேகம்.”

“சொல்லும்.”

“குடத்துல இருந்து எண்ணெ வந்தா, வார வழியெல்லாம் கறுத்துக்கிட்டுல்லா வரணும்? குடத்துக்கும் கோட்டுக்கும் நடுவுல ரெண்டு வெரக்கடை வெள்ளையால்லா இருந்துது. வழியே இல்லாம எண்ணெ எங்கன இருந்து வந்துது?”

பேனாவைக் கீழே வைத்தேன். மண்ணெண்ணெய், உலர்ந்த துணி, வெள்ளைப் பூச்சு. ஒன்றன் பின் ஒன்றாக, பட்டறையில் செய்யும் அதே வரிசை. அந்தப் பூச்சு சுண்ணாம்பாக இருந்திருந்தால் முதல் பார்வையிலேயே பெட்டியைக் கழற்றச் சொல்லியிருப்பேன். விபூதி என்பதால் நான் அதைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் தாண்டிப்போவது எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கமாகியிருந்தது.

வண்டி கல்லிடைக்குறிச்சி போய்ச் சேர இன்னும் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக இருந்தது. பெட்டியைக் கழற்றி ஒதுக்கி நிறுத்தப் பக்கத் தண்டவாளம் இருந்தது இனி அங்கேதான். அந்த ஸ்டேஷனைத் தாண்டியதும் தாமிரபரணிப் பாலம். மேலே மலையில் மழை பெய்து ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்த வாரம் அது.

ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு ஓடினேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நெற்றியில் நேற்றைய பூசையின் பட்டை இன்னும் மங்காமல் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“பூசைன்னா வீட்டுக்கு ஓடுவீரு. இன்னைக்கு விபூதியப் பாத்து வண்டிய நிறுத்தணும்னு சொல்லுதீரு. எங்க சாமியாடிகூட இப்பிடிக் குறி சொல்ல மாட்டான் வே.”

நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

“சரி, கோட்டப் பாத்தது யாரு யாரு?”

“சுடலைமுத்துவும் நானும்.”

“தடம் ஏதும் இருக்கா?”

“தொடைச்சாச்சு.”

“யாரு தொடைச்சது?”

“நான்தான் தொடைக்கச் சொன்னேன்.”

அவர் தந்திப் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.

‘ஐந்தாம் பெட்டியின் பின் அச்சைக் கல்லிடைக்குறிச்சியில் பரிசோதிக்கவும்’ என்று முதலில் எழுதினேன். எழுதி முடித்ததும் அந்த வாசகத்தின் வசதி எனக்குப் புரிந்தது. அங்கே பரிசோதகர் கிடையாது. கார்டு குனிந்து பார்ப்பார், தட்டுவார், மணி போல ஒலிக்கும், வண்டி பாலத்தில் ஏறும். பார்க்கச் சொன்னேன் என்ற பெயர் எனக்கு இருக்கும். பதினோரு ஆண்டு அனுபவத்தோடு நான் காணாமல் விட்டதை அவர் ஐந்து நிமிடத்தில் காண வேண்டும் என்பதுதான் அந்தத் தந்தி. கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது இப்படி இருந்தது: ‘ஐந்தாம் பெட்டி ஓடத் தகுதியற்றது. காலையில் தகுதி என்று நான் எழுதியது தவறு. பெட்டியைக் கழற்றாமல் வண்டியைப் பாலத்தின் மேல் விடக் கூடாது. பொறுப்பு என்னுடையது.’

ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு முறை படித்தார்.

“பெட்டியக் கழட்டிப் பாத்து ஒண்ணுமே இல்லன்னா?”

“என் வேலை போவும்.”

“சனங்களையும் நடு வழியில எறக்கி விட்டதா ஆவும். யோசிச்சுத்தான் எழுதுனீரா?”

“அனுப்புங்க அண்ணாச்சி.”

தந்திக் கருவியில் குமாஸ்தா கல்லிடைக்குறிச்சியைக் கூப்பிட்டார். பதில் இல்லை. அங்கே ஒரே ஆள். பிளாட்பாரத்தில் இருந்திருப்பார். திரும்பக் கூப்பிட்டார். கடிகாரம் சுவரில் எனக்கு நேராக மாட்டியிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. சுடலைமுத்து வாசலில் கழிவுப் பஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ கருவி பதில் சொன்னது. செய்தி போயிற்று. வண்டி அப்போது முந்தைய ஸ்டேஷனான வீரவநல்லூரைத் தாண்டிவிட்டிருந்தது. அதற்குப் பிறகு கருவி வெகுநேரம் சும்மா இருந்தது.

மறு தந்தியைக் குமாஸ்தா எழுதி நீட்ட, ஸ்டேஷன் மாஸ்டர் வாங்கிப் படித்தார்.

“கழட்டியாச்சாம். சனங்க கல்லெடுக்காத கொறைதானாம்.” படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “உம்மத்தான் தேடுவாங்க. போயிப் பாரும்.”

பகல் கூட்ஸ் வண்டியில் நானும் சுடலைமுத்துவும் போனோம். கல்லிடைக்குறிச்சியில் ஐந்தாம் பெட்டி பக்கத் தண்டவாளத்தில் தனியாக நின்றது. மற்றப் பெட்டிகளில் இடம் கிடைத்தவர்கள் போய்விட்டார்கள். முப்பது பேருக்கு மேல் மூட்டைகளோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்கால வண்டிவரை அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. என் தொப்பியைப் பார்த்ததும் இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் எழுந்து வந்தாள்.

“நீங்கதான் தந்தி அடிச்ச ஆளா? இன்னைக்குப் பொழுது சாய மலைக்குப் போவலன்னா கங்காணி பேர வெட்டிருவான். நீங்களா வந்து அவன்ட்ட பேசுவீய?”

“பெட்டி சரியில்லம்மா.”

“சரியில்லாத பெட்டிதான் இம்புட்டுத் தூரம் ஓடி வந்துதாக்கும்? நாங்க அதுக்குள்ளதான இருந்தோம். ஒரு ஆட்டம் உண்டா, சத்தம் உண்டா? கேளுங்க இவங்கள்ட்ட.”

கூடியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. காலையில் என் சுத்தியலும் அதைத்தான் சொன்னது.

சுடலைமுத்துவிடம் நேற்று செய்ததை அப்படியே செய்யச் சொன்னேன். வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு கிடைத்திருக்கும். எதையும் மாற்ற வேண்டாம் என்று நினைத்தேன். அதே கை, அதே எண்ணெய், அதே விபூதி. அவர் மண்ணெண்ணெய் தேய்த்துச் சற்று ஊறவிட்டு, உலரத் துடைத்து, மடியிலிருந்த பொட்டலத்தை அவிழ்த்துக் குழைத்து மூன்று பட்டை இழுத்தார். நான் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டேன். அந்தப் பெண்ணும் இன்னும் நாலைந்து பேரும் குனிந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பட்டைகள் ஈரம் உலர்ந்து வெள்ளையாயின. பத்து நிமிடம் ஆயிற்று. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பின்னால் யாரோ கொட்டாவி விட்டார். தந்தியில் நான் எழுதிய வாக்கியங்கள் ஒவ்வொன்றாக என் மனத்தில் வந்தன. விரிசல் இருக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் விரும்பினேன். அத்தனை பேர் ஏறி வந்த பெட்டியில் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று விரும்பியது என் வேலைக்காக. இதையும் எழுதிவிடுவதுதான் முறை.

“பைய வருது அய்யா,” என்றார் சுடலைமுத்து.

நடுப்பட்டையில் முதலில் ஒரு புள்ளி. பிறகு மேலும் கீழும் நீண்டு மூன்று பட்டையையும் வெட்டியது. குடத்துக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல்கடை வெள்ளை அப்படியே இருந்தது.

அந்தப் பெண் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு இன்னும் குனிந்து பார்த்தாள்.

“இந்தக் கோட்டுக்கா எங்கள எறக்கி விட்டீய?”

“இதுக்குத்தாம்மா.”

“நல்லா இருக்கு நியாயம்,” என்று சொல்லிவிட்டுத் தன் மூட்டைக்குப் போனாள். சாயங்காலம்வரை அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் பாலமும் அதன் கீழே செம்மண் நிறத்தில் ஓடிய ஆறும் தெரியும்.

அச்சைப் பட்டறைக்கு அனுப்பி, அந்த இடத்தில் முறித்துப் பார்த்தார்கள். முறிந்த முகத்தில் முக்கால் பங்கு பழைய விரிசலின் கறுப்பு. புதிதாக முறிந்து பளபளத்த இரும்பு கால் பங்குதான். அன்றைக்கே முறிந்திருக்குமா, ஒரு மாதம் கழித்தா என்று அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

விசாரணைக்கு மேலதிகாரி வந்தார். என்மேல் பிரியமுள்ளவர். வண்டி புறப்பட்ட பின் சந்தேகம் எழுந்தது, உடனே தந்தி கொடுத்து நிறுத்தினேன், பரிசோதனையில் விரிசல் தெரிந்தது என்று மூன்று வரியில் அறிக்கை எழுதினால் போதும் என்றார். பாராட்டுக் கடிதம் வரவும் வாய்ப்பு உண்டு என்றார். அந்த மூன்று வரியிலும் பொய் ஒன்றும் இல்லை. காலையில் கோட்டைப் பார்த்ததும் துடைத்ததும் அதில் வராது, அவ்வளவுதான். பார்த்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இரண்டு நாள் அந்த மூன்று வரியோடு இருந்தேன். அவ்வளவு எளிதாக முடிவெடுத்தேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். முடிவில் நடந்தது முழுவதையும் ஒரு பக்கம் எழுதினேன். அதன் பலனாக இரண்டு ஆண்டுகள் வேறொரு யார்டில், தனியாகக் கையெழுத்துப் போடும் உரிமை இல்லாமல், இன்னொரு பரிசோதகருக்குக் கீழே வேலை செய்தேன். தண்டனை சரியான அளவில்தான் இருந்தது.

அந்த அறிக்கையை அனுப்புவதற்கு முன் சுடலைமுத்துவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். அவர் பெயர் வருவதால் அவர் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் வரி வரியாகச் சொன்னேன். ‘பூசைக்கு மறுநாள் காலை, ஐந்தாம் பெட்டியின் அச்சில் விரிசல் இருப்பதாகக் கலாசி சுடலைமுத்து என்னிடம் சொன்னார். நான் அதை ஏற்காமல் பூச்சைத் துடைக்கச் சொன்னேன்’ என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

“அய்யா, அது அப்பிடி இல்ல.”

விசாரணைக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். “உமக்கு ஒண்ணும் வராது வே. நல்ல பேருதான் வரும்.”

“அதுக்கில்லய்யா. விரிசல்னு நான் எங்க சொன்னேன்? அது என்னன்னு எனக்குத் தெரியாது. கறுக்குதுன்னுதான் சொன்னேன். கண்டது அதுதான்.”

‘விரிசல் இருப்பதாக’ என்பதை அடித்துவிட்டு ‘ஓரிடம் கறுப்பதாக’ என்று மேலே எழுதினேன். அந்த வரியை மறுபடியும் முழுக்கச் சொல்லிக் காட்டினேன்.

“இப்ப சரிய்யா,” என்றார்.

கையெழுத்துப் போட்டேன்.